அனாமத்து

முந்நூற்று எண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.
மூன்று டிசம்பராக அங்கேயே கிடக்கிறது:
காக்கி புக்கிட்டில், ஐந்தாம் மாடியில்,
குளிரூட்டி சொட்டும் வாளிக்குப் பக்கத்து மேசையில்,
என் கணினிக்குள்,
அனாமத்து என்ற தலைப்பின் கீழ்.

யாருடையது என்று தெரியாத பணத்துக்கு
நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.
ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதெல்லாம்
தூங்குகிற பிள்ளையைக் கட்டில் மாற்றிப் போடுவதுபோல
அதைத் தூக்கி அடுத்த ஆண்டில் கிடத்திவிட்டு
விளக்கணைத்துப் போயிருக்கிறேன்.

"இதர வருமானத்துல போட்டு முடிச்சிடு லா"
என்றார் திரு ஓங்.
கெட்ட மனிதர் இல்லை.
கிருமிக் காலத்தில் தளங்கள் பூட்டிக் கிடந்தபோது
கம்பெனிக் காரை விற்று எங்களுக்குச் சம்பளம் போட்டவர்.
விற்றதில் நட்டம் நாலாயிரம் என்று
எழுதியவள் நான்தான்.

தணிக்கைக்கு வந்த சியூ லிங்கும் சிரித்தாள்.
ஐயாயிரத்துக்குக் கீழே எதுவும்
அவள் தாளில் முக்கியமில்லை.
தவறான விதி என்று சொல்ல மாட்டேன்.
மணலையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தால்
எந்தக் கட்டடமும் எழும்பாது.

இருந்தாலும், பழக்கதோஷம்,
ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன்.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்,
எழுபத்திரண்டு இருபத்தேழாக.
பாலிடெக்னிக்கில் படித்ததில்
இன்றுவரை சோறு போடுவது இது ஒன்றுதான்.

வகுபடவில்லை.

கோப்பி ஆறிப்போன பிறகு
பழைய சம்பளப் பட்டியலைத் திறந்தேன்.
அந்த ஆண்டு ஒரு நாள் கூலி
பதினெட்டு வெள்ளி நாற்பது காசு.
வகுத்தேன்.
மீதமில்லாமல் இருபத்தொன்று.

வே. அய்யாவு. சாரம் கட்டுபவர்.
இருபத்தைந்தாம் தேதி அனுமதிச் சீட்டு ரத்து,
அன்றிரவே விமானம்.
கடைசிச் சம்பளத்தை ஊர் வங்கிக்கு அனுப்பினோம்.
அப்படியொரு கணக்கே இல்லை என்று
வங்கி திருப்பி அனுப்பியது.

இருந்தது.
படிவத்தில் அவர் கையெழுத்தில்,
பள்ளிக்கூடத்து எண்களைப்போல் தனித்தனியாக நிற்கின்றன,
கடைசி இரண்டும் ஆறு, மூன்று.
நான் தட்டியது மூன்று, ஆறு.

பேரேடு வாய் திறக்கவில்லை.
பற்றும் வரவும் அன்றைக்கும் சமமாகத்தான் நின்றன.
கணக்கு எண்ணை நாங்கள் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை.
அங்கே நேர்ந்த பிழைக்கு
எந்த இருப்பாய்வும் சாட்சி சொல்லாது.

திரு ஓங்கிடம் போய் நின்றேன். என் பிழை என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப அனுப்பு."

அனுப்பினேன்.
அந்த வங்கியை இன்னொரு வங்கி விழுங்கியிருந்தது,
எண்களெல்லாம் மாறிவிட்டன.
படிவத்தின் அடியில் அவசரத்துக்கு ஒரு தொலைபேசி.
எடுத்தது ஒரு பெண்.

"சிங்கப்பூர்லேர்ந்தா? பணம் தர்றீங்களா?
சரி, அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே?"

வைத்துவிட்டாள்.
நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.
போன மாதம்தான் என் மாமியாரிடம்
இதையே சொல்லி இரண்டாயிரம் பிடுங்கினார்கள்.
உண்மைக்கும் மோசடிக்கும்
குரல் ஒன்றாகிப்போன காலத்தில்
கடனைத் திருப்பித் தருவதற்கும்
நம்பகமான ஆள் வேண்டியிருக்கிறது.

நாளை மறுபடி அழைப்பேன்.
இன்று செய்ய முடிந்தது இவ்வளவுதான்:
அனாமத்தை மூடினேன்.
கொடுக்கவேண்டியவர்கள் பட்டியலில்
டீசல்காரருக்கும் குழாய் வாடகைக்காரருக்கும் நடுவே
புதிதாய் ஒரு வரி.
வே. அய்யாவு, 386.40.

மாலை சியூ லிங் அந்த வரியில் விரல் வைத்தாள்.
யார் இந்த சப்ளையர்,
என்ன சப்ளை செய்தார்?

இருபத்தொரு நாள் என்றேன்.

எழுதிக்கொண்டாள்.
பிறகு நிமிர்ந்து,
இன்வாய்ஸ் எங்கே என்றாள்.